இலவசமாகக் கிடைத்த இன்ஜினியரிங் சீட்டை விடலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, இந்த வருடம் பிளஸ் டூ முடித்தான். கணக்கு, உயிரியல் குரூப். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் பிரிவு கிடைத்திருக்கிறது. ஒரு பைசா கட்ட வேண்டாம் என்கிறார்கள். அவனோ, "எனக்குக் கம்ப்யூட்டர் பிடிக்காது. கோயமுத்தூரில் சித்தப்பா வேலை செய்யும் பட்டறையில் சி.என்.சி. மெஷின் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். இப்போதெல்லாம் டிகிரியை யார் கேட்கிறார்கள்?" என்கிறான். வீட்டுக்காரர், "சும்மா கிடைக்கிற படிப்புக்கு என்ன மதிப்பு? அவன் இஷ்டத்துக்கு விடு" என்கிறார். என் அண்ணன், "காலேஜ் எல்லாருக்கும் இலவசமாக இருந்திருந்தால் நாமெல்லாம் எங்கேயோ போயிருப்போம், கிடைத்ததை விடாதே" என்கிறார். நான் எட்டாவது வரைதான் படித்தேன். யார் சொல்வதைக் கேட்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் சொல்வது சுலபம். அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவர் கட்டுவது தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் அற்பத் தொகை. அதற்காக அந்த எம்.பி.பி.எஸ்.ஸை யாராவது மட்டமாகப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? கிண்டி பொறியியல் கல்லூரியும் அப்படித்தான். கட்டணம் குறைந்த இடத்துக்குத்தான் நம் ஊரில் போட்டி அதிகம். அதனால் சும்மா கிடைத்தது என்ற காரணத்துக்காக அந்த சீட்டை விட வேண்டாம்.

அதே காரணத்துக்காக அதை எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இந்த இடத்தில்தான் உங்கள் அண்ணனோடு எனக்குப் பேச்சு இருக்கிறது.

கல்லூரி இலவசமாக இருக்க வேண்டும் என்ற கட்சியில் நானும் இருக்கிறேன், குறைந்தது அரசுக் கல்லூரிகள் வரைக்கும். தமிழ்நாட்டில் பாதி அப்படித்தான் இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலை மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் ரத்தாகி வருடங்கள் ஆகின்றன. 2010-இல் முதல் பட்டதாரி சலுகை வந்தது. 2020-இல் மருத்துவத்துக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு, மறு வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று மற்ற தொழிற்படிப்புகளுக்கும். அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும் என்று 2021-இல் அறிவித்தார்கள். இதற்கெல்லாம் பலன் இல்லாமல் இல்லை. 2021-22 கணக்கெடுப்பில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களுக்கான உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், இந்தியா முழுமைக்கும் 28.4 சதவீதம். உங்கள் தலைமுறையில் எட்டாவதோடு நின்ற எத்தனையோ பெண்களின் பிள்ளைகள் அந்த 47-க்குள் இருக்கிறார்கள்.

ஆனால் கட்டணம் என்பது கல்லூரிச் செலவில் ஒரு பகுதிதான். கட்டணமே இல்லாத கலைக் கல்லூரியிலும் பிள்ளைகள் இரண்டாம் வருடம் நின்றுவிடுகிறார்கள். பஸ்ஸுக்கு, சாப்பாட்டுக்கு, போனுக்குக் காசு வேண்டும். அதைவிட, வீட்டுக்கு ஒரு சம்பளம் குறைகிறது. அரசுக்கும் இது தெரிந்திருக்கிறது. 2022-இல் புதுமைப் பெண் திட்டத்திலும் 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாயை மாணவர்களின் வங்கிக் கணக்கிலேயே போட ஆரம்பித்தது அதனால்தான்.

இலங்கையைப் பாருங்கள். அங்கே 1945-லிருந்து, அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை உண்டு. கட்டணம் இல்லை, சரி. ஆனால் இடம் இருக்கிறதா? நம் பிளஸ் டூ மாதிரியான உயர்தரப் பரீட்சையில் தகுதி பெறுபவர்களில் பெரும்பாலோருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பெற்றோர் டியூஷன் வகுப்புகளுக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் உறவு இருப்பவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வாசலில் வாங்காத கட்டணத்தை வாசலுக்கு வரும் வழியில் யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் அண்ணன் கேட்பது நியாயமான கோரிக்கை. அது நிறைவேறினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இப்போது உங்கள் மகனின் இலவச சீட்டுக்கு என்ன விலை என்று பார்ப்போம். சித்தப்பாவின் பட்டறையில் சேர்ந்தால் முதல் சில மாதம் கைச்செலவுக்குத்தான் வரும். பிறகு ஆபரேட்டராக, சராசரியாக மாதம் 14,000 ரூபாய் என்று வையுங்கள். 48 மாதத்துக்கு 6,72,000 ரூபாய். நான்கு வருடம் கல்லூரிக்குப் போனால் அந்தப் பணம் வீட்டுக்கு வராது. அரசு கட்டணத்தைக் கட்டுகிறது, இந்த ஆறே முக்கால் லட்சத்தை உங்கள் குடும்பம் கட்டுகிறது. இப்படிச் சொல்வதால் கல்லூரி வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல கல்லூரியில், பிடித்த பிரிவில், அரியர் இல்லாமல் முடித்தால் அந்தப் பணம் சில வருடத்தில் திரும்பி வந்துவிடும். பிடிக்காத பிரிவில், பாடம் நடக்காத கல்லூரியில் சேர்ந்து, பதினைந்து அரியரோடு வெளியே வந்தால்? பணமும் போய், நான்கு வருடமும் போய், "பி.இ. டிஸ்கன்டினியூ" என்று பயோடேட்டாவில் எழுதுவதா வேண்டாமா என்று யோசிக்கும் நிலை வரும். ஆட்கள் தேர்வில் உட்கார்ந்த காலத்தில் அப்படி வந்த பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கல்லூரிக்குப் போனதையே மறைத்து, பிளஸ் டூ சான்றிதழை மட்டும் நீட்டுவார்கள்.

வேலைக்கு டிகிரி வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். கோவைப் பக்கத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் மனிதவளப் பிரிவில் இருந்தவன் என்பதால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

டாக்டர், வக்கீல், நர்ஸ், மருந்தாளுநர், ஆசிரியர் போன்ற வேலைகளுக்குச் சட்டமே படிப்பைக் கேட்கிறது. அதில் பேச்சில்லை. வங்கி கிளார்க், குரூப் 2 போன்றவற்றுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். மற்றபடி தனியார் கம்பெனியில் டிகிரி பெரும்பாலும் ஒரு சல்லடை. பத்துப் பேர் எடுக்க வேண்டிய இடத்துக்கு நானூறு பயோடேட்டா வந்தால் எல்லாவற்றையும் படிக்க யாருக்கு நேரம்? "பி.இ. மட்டும், 60 சதவீதத்துக்கு மேல், அரியர் இல்லாமல்" என்று ஒரு வரி போட்டால் நானூறு நாற்பதாகிவிடும். அந்த வேலையைச் செய்ய பி.இ. தேவையா என்று யாரும் கேட்பதில்லை. நானும் அப்படி வரி போட்டவன்தான்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது, அது பலருக்குத் தெரியாது. மெஷின் ஓட்டும் வேலைக்கு பி.இ. படித்தவரை வேண்டாம் என்று தள்ளுவோம். "டிப்ளமோ, ஐ.டி.ஐ. மட்டும்" என்று விளம்பரத்திலேயே போடும் கம்பெனிகள் உண்டு. பி.இ. பையன் ஆறு மாதத்தில் வேறு வேலை தேடி ஓடிவிடுவான், கற்றுக்கொடுத்தது வீண் என்பது மேலாளர்களின் கணக்கு. அரசு வேலையிலும் இந்தக் கதை உண்டு. ஒரு பொதுத்துறை வங்கி பியூன் வேலைக்கு பிளஸ் டூ போதும், பட்டதாரியாக இருக்கக் கூடாது என்று விளம்பரம் கொடுத்தது. ஒருவர் டிகிரியை மறைத்து விண்ணப்பித்துத் தேர்வானார். விஷயம் தெரிந்ததும் வங்கி அவரை வேலையில் சேர்க்க மறுத்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் வங்கி செய்தது சரி என்று சொல்லிவிட்டது. ஆகவே தேவைக்கு மேல் படிப்பதும் சில இடங்களில் தடைதான்.

குரூப் 4 தேர்வுக்குக் கேட்பது பத்தாம் வகுப்பு. 2022-இல் முதலில் அறிவித்த 7,301 இடங்களுக்கு ஏறக்குறைய 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அதில் பட்டதாரிகள், முதுகலை முடித்தவர்கள், இன்ஜினியர்கள் எல்லாரும் இருந்தார்கள். பத்தாவது போதும் என்று விதி சொன்னாலும், பத்தாவது மட்டும் படித்தவர் போட்டி போடுவது இவர்களோடுதான். அமெரிக்காவில் இன்னொரு விதமாக நடந்தது. மேரிலாந்து மாநிலம் 2022-லும் பென்சில்வேனியா 2023-லும் ஆயிரக்கணக்கான அரசு வேலைகளுக்கு டிகிரி தேவையில்லை என்று அறிவித்தன. பெரிய கம்பெனிகளும் அதையே சொன்னார்கள். 2024-இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் இன்னொரு நிறுவனமும் சேர்ந்து கணக்குப் பார்த்தபோது, இதனால் பலனடைந்தவர்கள் வேலைக்குச் சேர்ந்த 700 பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை. விளம்பரத்திலிருந்து வரியை எடுப்பது எளிது, எடுப்பவரின் மனதிலிருந்து எடுப்பதுதான் பாடு.

உங்கள் மகன் எங்கேயாவது ஜோஹோ என்ற மென்பொருள் கம்பெனியைப் பற்றிப் பார்த்திருப்பான். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்துச் சொல்லிக்கொடுத்து வேலையில் வைத்துக்கொள்ளும் பள்ளியை அவர்கள் இருபது வருடமாக நடத்துகிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் அதைத் தொடங்கிய ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்பதையும் சொல்லிவையுங்கள். கோயமுத்தூர்க்காரர்கள் உடனே ஜி.டி. நாயுடுவை இழுப்பார்கள். பள்ளிக்கூடத்தையே ஒழுங்காக முடிக்காதவர், மின்மோட்டார் செய்தவர் என்பதெல்லாம் உண்மை. இன்ஜினியரிங்குக்கு நான்கு வருடம் எதற்கு, இரண்டு வருடம் போதும் என்று வெள்ளைக்கார அரசோடு மல்லுக்கு நின்றவர். ஆனால் அதே மனிதர்தான் 1945-இல் சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் தொடர்ச்சிதான். படிப்பு வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. காலத்தை வீணாக்காதே என்றுதான் சொன்னார்.

சரி, உங்கள் மகன் சொல்வது எங்கே இடிக்கிறது? பட்டறை வாசலில் அவனிடம் யாரும் டிகிரி கேட்க மாட்டார்கள். மாடிப்படியில்தான் கேட்பார்கள். சி.என்.சி.யில் ஆபரேட்டர், பிறகு செட்டர், பிறகு புரோகிராமர் வரை கைத்திறமையால் ஏறலாம். அதற்கு மேல் சூப்பர்வைசர், புரொடக்ஷன் இன்ஜினியர், மேனேஜர் என்று வரும்போது பெரிய கம்பெனிகளில் கோப்பைப் புரட்டுவார்கள். மெஷினின் சத்தத்தை வைத்தே டூல் தேய்ந்ததைச் சொல்லும் மூத்த ஆபரேட்டர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் தொழில் கற்ற ட்ரெய்னி இன்ஜினியர்கள் சில வருடத்தில் அவர்களுக்கே மேலாளர் ஆவார்கள். லீவு லெட்டரை அந்தப் பையனிடம்தான் நீட்ட வேண்டும். பதினெட்டு வயதில் இது பெரிதாகத் தெரியாது, முப்பத்தைந்தில் உறைக்கும். துபாய் போய் இன்ஜினியர் என்ற பெயரில் விசா வாங்குவதென்றாலும் சான்றொப்பம் பெற்ற டிகிரி வேண்டும். அப்புறம், நம் பக்கத்தில் பெண் பார்க்கப் போகும்போது கேட்கும் முதல் கேள்வி என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை!

ஆகவே எனக்குச் சரியாகப் படுவது நடுவே இருக்கும் ஒரு வழி. உங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசியதாகத் தெரியவில்லை. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டே வருடத்தில் முடிந்துவிடும். அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். கோவையிலேயே ஒன்று இருக்கிறது. தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை டிப்ளமோவுக்கும் உண்டு. மெஷின் பிடிக்கிறது என்று சொல்லும் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு எனக்குத் தெரியவில்லை. முடித்ததும் டிப்ளமோ ட்ரெய்னியாகக் கம்பெனியில் சேரலாம், அல்லது பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். வேலையில் இருந்துகொண்டே பகுதிநேர பி.இ. படிக்கும் வசதியும் கோவையில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஒன்று மட்டும் கவனம்: பி.இ.யைத் தொலைநிலைக் கல்வியில் படிக்க முடியாது, யார் விளம்பரம் கொடுத்தாலும் நம்பாதீர்கள். குரூப் 2, வங்கி வேலை மாதிரி "ஏதாவது ஒரு டிகிரி" போதும் என்கிற இடங்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ., பி.காம். படித்துக்கொள்ளலாம்.

பாலிடெக்னிக் விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அப்படியே திரும்பி வராதீர்கள். காலியிடம் இருந்தால் கடைசி நேரத்தில் சேர்த்துக்கொள்வதுண்டு. நேரில் போய், அலுவலகத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

இந்த வழிக்குப் போவதற்கு முன், கிடைத்த பி.இ. சீட்டையும் ஒருமுறை எடைபோட்டுப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் வெளியிடுகிறது. மகனையே தேடச் சொல்லுங்கள். அந்தக் கல்லூரியில் பாதிப் பேருக்கு மேல் தேர்ச்சி பெறுகிறார்களா? அங்கே படித்து முடித்த யாராவது ஒருவரிடம் பேச முடிகிறதா? கல்லூரி சுற்றிக்காட்டும் ஆளிடம் கேட்டுப் பயனில்லை. ஏ.ஐ. என்ற பெயரைப் பார்த்து அண்ணன் மயங்கியிருக்கலாம். அந்தப் பிரிவு முழுக்கக் கணக்கும் கம்ப்யூட்டரும்தான், கம்ப்யூட்டர் பிடிக்காதவனுக்கு அது தண்டனை. நல்ல கல்லூரியாக இருந்து, அதே ஒதுக்கீட்டில் மெக்கானிக்கல் கிடைக்க இன்னும் வாய்ப்பு இருந்தால் மட்டும் நான் பாலிடெக்னிக்கை விட்டுவிட்டு அதை எடுக்கச் சொல்வேன்.

இரண்டும் வேண்டாம், பட்டறைதான் என்று அவன் பிடிவாதமாக நின்றால்? விடுங்கள், ஆனால் சில நிபந்தனைகளோடு. சித்தப்பா முதலாளியிடம் பேசி நியமனக் கடிதம் வாங்கித் தர வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிற இடமாக இருக்க வேண்டும். பதிவில்லாத பட்டறையில் பத்து வருடம் வேலை செய்தாலும், வேறு கம்பெனிக்குப் போனால் அனுபவம் பூஜ்யம்தான். நிரூபிக்கக் காகிதம் இருக்காது. அதைவிட நல்லது, பெரிய தொழிற்சாலை ஒன்றில் அப்ரென்டிஸாகச் சேர்வது. 1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின்படி அங்கே உதவித்தொகையும் உண்டு, முடித்தால் சான்றிதழும் உண்டு. காண்ட்ராக்டர் வழியாக "ட்ரெய்னி" என்று எடுப்பது அது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஆள் பிடிப்பவர்கள் வேண்டுமென்றே குழப்புவார்கள். ஒரு வருடம் போகட்டும். எட்டு மணி நேரம் நின்று, கூலன்ட் வாசனையில், இரவு ஷிப்டும் பார்த்த பிறகும் பிடித்திருக்கிறது என்றால் அந்தத் தொழில் அவனுக்கு ஒட்டிவிட்டது. அப்போதும் அடுத்த வருடம் பாலிடெக்னிக் சேர முடியும், அவனுக்குப் பத்தொன்பது வயதுதான் ஆகியிருக்கும்.

எது முடிவானாலும், அந்த தனியார் கல்லூரியில் அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் கொடுப்பதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. விதிகள் இருக்கின்றன. இருந்தும் நடுவில் விலகும் மாணவர்களிடம் "முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்" என்று சொல்லும் இடங்களை எனக்குத் தெரியும். 7.5 சதவீத ஒதுக்கீட்டு மாணவரிடம் கல்விக் கட்டணம் என்றோ வேறு பெயரிலோ பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எல்லாச் சான்றிதழ்களையும் இரண்டு செட் நகல் எடுத்து, ஒன்றை உங்கள் அண்ணன் வீட்டில் வையுங்கள்.